“இதுவரை சரிந்ததில்லை” என்ற சாட்சியம் குறித்து ஒரு திறந்த மடல்

நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பேரிடர் மேலாண்மைப் பணியிலும் மலைப்பகுதிக் கட்டட அனுமதிப் பணியிலும் இருக்கும் அலுவலர்களுக்கும், சரிவுகளில் குடியிருக்கும் ஊர்களின் பெரியவர்களுக்கும்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் 1976 முதல் 2010 வரை எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொழுந்து எடையைப் பதிவது, செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேடு எழுதுவது, சம்பளப் பட்டியல் போடுவது ஆகியவற்றோடு மழைமானி பார்ப்பதும் என் பொறுப்பாக இருந்தது. காலை எட்டரை மணிக்குச் செம்புப் புனலைத் தூக்கி, உள்ளே இருக்கும் புட்டியை எடுத்து, தண்ணீரை அளவுக்குவளையில் ஊற்றி, குவளையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, நீரின் மேற்பரப்பு நடுவில் குழிந்து நிற்கும் இடத்தைப் படித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஞாயிறு, பண்டிகை என்று விடுப்பு எடுக்க முடியாத வேலை அது. ஏறத்தாழ 34 ஆண்டுகள் அதைச் செய்ததால், அந்தச் சுற்றுவட்டாரத்தில் மழையைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் எது கேட்க வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். வீடு கட்டக் கடைக்கால் எடுக்கிறவர், கிணற்றுக்கு இடம் பார்க்கிறவர், மழைக்காலத்துக்கு முன் சரிவுகளைப் பார்வையிட வருகிறவர் என எல்லோரும் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்ட கேள்வி ஒன்றுதான்: “இங்கே இதற்கு முன்னால் மண் சரிந்திருக்கிறதா?”

அந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்த பதிலைப் பற்றியும், அந்தப் பதிலுக்கு இனி நீங்கள் கொடுக்க வேண்டிய மதிப்பைப் பற்றியுமே இந்த மடலை எழுதுகிறேன்.

2009 நவம்பர் 9-ஆம் தேதி இரவு. அன்று பகல் முழுவதும் விடாத மழை. வழக்கமாகக் காலையில் மட்டும் திறக்கும் மழைமானியை இருட்டிய பிறகு டார்ச் வெளிச்சத்தில் திறந்து பார்த்தேன். புட்டி விளிம்பு வரை நிரம்பி, உறைக்குள் வழிந்துகொண்டிருந்தது. எங்கள் புட்டி கொள்ளக்கூடிய அளவு 200 மில்லிமீட்டர். அதை நான் அதுவரை நிறையக் கண்டதே இல்லை. காலி செய்து திரும்ப வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் கடைசி வீட்டுப் பெண் சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தில் பிறந்தவள், எங்கள் தோட்டத்திலேயே வளர்ந்து கொழுந்தெடுத்தவள். “கிளார்க்கய்யா, பின்னாடி மேட்டுலேருந்து தண்ணி செம்மண்ணா வருது. பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிரலாமான்னு அத்தை கேக்கச் சொன்னாங்க” என்றாள்.

நான் அவளிடம் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். “78-லயே நின்ன மேடும்மா அது. 93-லயும் நின்னுச்சு. இந்த நேரத்துல குழந்தைகளோட இருட்டுல இறங்கிப் போறதுதான் ஆபத்து. போய்ப் படுங்க.” 1978-உம் 1993-உம் எங்கள் பக்கம் பெருமழை பெய்த ஆண்டுகள்.

விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு, லாரியில் ஜல்லி கொட்டுவது போன்ற சத்தம் கேட்டது. மேட்டின் ஒரு பகுதி இறங்கி, அந்த வீட்டின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் வந்திருந்தது. பிள்ளைகளும் அவளும் முன் அறையில் படுத்திருந்ததால் பிழைத்தார்கள். குளிருக்காக அடுப்போரம் படுத்திருந்த அவளுடைய மாமியாரை மறுநாள் பிற்பகலில்தான் எடுக்க முடிந்தது. செம்மண் தண்ணீரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டு வரச் சொன்னவர் அவர்தான்.

அந்த மழையில், உதகைக்கும் குன்னூருக்கும் இடையில் உள்ள கேத்தியில் மட்டும் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவானது என்பதும், மாவட்டம் முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதும் உங்கள் கோப்புகளில் இருக்கின்றன. உதகையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையில் பாதிக்கும் மேலான தண்ணீர் அது. எங்கள் தோட்டத்தில் எவ்வளவு பெய்தது என்பது யாருக்கும் தெரியாது. இரவில் நான் மாற்றி வைத்த புட்டியும் காலைக்குள் நிரம்பி வழிந்துவிட்டது. பதிவேட்டில் அன்றைய கட்டத்தில் சிவப்பு மையில் “நிரம்பி வழிந்தது” என்று எழுதினேன். புட்டியைச் செய்தவர்கள், அதுவரை பெய்த மழையைப் பார்த்துத்தான் இவ்வளவு போதும் என்று அளவு வைத்திருப்பார்கள். நானும் அவ்வாறே, அதுவரை நான் கண்ட மழைக்காலங்களின் அளவுக்கே ஒரு பதிலைச் செய்து வைத்திருந்தேன்.

தமிழில் அனுபவத்துக்குப் பட்டறிவு என்று பெயர். பட்டு அறிவது. அந்தச் சொல்லின் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. மலையில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்குப் பட்டறிவுதான் முதல் ஆசிரியர். மார்கழி, தை மாதங்களில் மாலையில் காற்று நின்று வானம் துடைத்து வைத்ததுபோல் தெளிந்துவிட்டால், இரவில் உறைபனி விழும் என்று இங்குள்ள விவசாயி எவரும் சொல்லிவிடுவார். அவர் சொல்வது பெரும்பாலும் பலிக்கும். காரணம், அவர் சொன்னது சரியா தவறா என்பது விடிந்ததும் கேரட் பாத்தியில் தெரிந்துவிடுகிறது. ஒரே குளிர்காலத்தில் பல இரவுகள் அவருக்கு அந்தத் தேர்வு நடக்கிறது. கொழுந்தெடுக்க வரும் புதிய பெண் ஒரே பருவத்துக்குள் இரண்டு இலை ஒரு மொட்டைக் கண்ணால் பார்க்காமலேயே விரலால் கிள்ளப் பழகிவிடுகிறாள். முற்றிய இலை கூடையில் இருந்தால் அன்று மாலையே எடை போடும் இடத்தில் திட்டு விழும்.

கவ்வாத்து வெட்டுவதற்கு வாருங்கள். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை செடியை வெட்டிவிடுகிறோம். எந்த உயரத்தில், எந்த மாதத்தில் வெட்டினால் செடி நன்றாகத் துளிர்க்கும் என்பதற்கு விடை வர ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் மழை மாறிவிடுகிறது, உரம் மாறிவிடுகிறது, சில நேரங்களில் மேலாளரே மாறிவிடுகிறார். அதனால்தான் கவ்வாத்து விஷயத்தில் இரண்டு பழைய கங்காணிகள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. இருவரும் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள், இருவரும் தங்கள் பட்டறிவைக் கொண்டு சத்தியம் செய்யத் தயாராக இருந்தவர்கள். விடை தாமதமாகவும் கலங்கியும் வரும்போது பட்டறிவு அறிவைக் கொடுப்பதைவிட உறுதியைத்தான் அதிகம் கொடுக்கிறது.

மலைச்சரிவு இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. ஒரு குறிப்பிட்ட மேடு சரிவதற்கு ஒரு மனித ஆயுளும் போதாமல் போகலாம். சரியும்போது விடையைப் பெற்றுக்கொள்கிறவர் அதைப் பிறருக்குச் சொல்ல உயிரோடு இருப்பதும் உறுதியில்லை. உங்கள் கேள்விக்கு எங்களைப் போன்றவர்கள் பதில் சொல்லும்போது, பதில் சொல்ல மிஞ்சியவர்களின் மேடுகளைப் பற்றி மட்டுமே நீங்கள் கேட்கிறீர்கள். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள மரப்பாலத்தில் 1993 நவம்பரில் மண்ணோடு போனவர்களிடம் அந்த ஆண்டு அக்டோபரில் கேட்டிருந்தாலும், இங்கே இதுவரை சரிந்ததில்லை என்றுதான் அவர்களில் பலர் சொல்லியிருப்பார்கள்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். பேத்தி பள்ளியில் படித்த நிகழ்தகவுக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்த பிறகு நானே போட்டுப் பார்த்தது. எந்த ஓர் ஆண்டிலும் நடப்பதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். அது ஓர் ஆண்டில் நடக்காமல் இருக்க வாய்ப்பு நூற்றுக்கு 99. முப்பது ஆண்டுகளும் நடக்காமல் இருக்க, 0.99 என்ற எண்ணை முப்பது முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.74. அதாவது, அப்படிப்பட்ட வெவ்வேறு மேடுகளின் கீழே முப்பது ஆண்டுகள் வாழ்ந்த நான்கு பேரை அழைத்துக் கேட்டால், மூன்று பேர் “என் முப்பது ஆண்டு அனுபவத்தில் இங்கே எதுவும் நடந்ததில்லை” என்று நேர்மையாகச் சொல்வார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. ஆனாலும் நான்கு மேடுகளும் ஒரே அளவு ஆபத்தானவை. ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவரைக் கேட்டாலும் பத்துப் பேரில் ஆறு பேர் அதையேதான் சொல்வார்கள்.

இதே கணக்கை உங்கள் நாற்காலியிலிருந்து பாருங்கள். அதே அளவு ஆபத்துள்ள நூறு மேடுகள் ஒரு மாவட்டத்தில் இருந்தால், சராசரியாக ஆண்டுக்கு ஒன்று சரியும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது வாழ்நாளில் காணாத அதிசயம், மாவட்ட நிர்வாகத்துக்கோ அது ஆண்டுதோறும் வரும் கோப்பு. நீலகிரியில் அபாயகரமானவையாக 283 இடங்கள் கண்டறியப்பட்டுள்ளன என்று ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் செய்தி வருகிறது. ஒரு லைன் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு மேடு. உங்களுக்கு 283. ஒரு மேட்டைக் கொண்டு நூறு ஆண்டுகளில் கற்க முடியாததை, 283 மேடுகளைக் கொண்டு பத்தாண்டுகளில் கற்க முடியும். ஆகவே இந்த விஷயத்தில் பட்டறிவு உள்ளவர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால், அது நீங்கள்தான். எங்களிடம் வந்து கேட்பதற்கு முன்னால், உங்களிடம் இருப்பதை எங்களுக்குச் சொல்ல வேண்டிய நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள்.

என் பதிலில் இன்னொரு பிழையும் இருந்தது. அதைக் கண்டுகொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. 1978-இல் நின்ற மேடு என்று சொன்னேன் அல்லவா, 2009-இல் அங்கே இருந்தது அதே மேடே இல்லை. 1978-இல் அதன் மேல் முனையில் சோலை மரங்கள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. 1980-களில் அவை போய்த் தேயிலை வந்தது. பிறகு, அடிவாரத்தில் வேன் வந்து திரும்புவதற்காகப் பத்தடி உயரத்துக்கு மண்ணைச் செங்குத்தாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மேஸ்திரி ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினார். சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வீப் ஹோல் எனப்படும் துளைகளை விட வேண்டும் என்று யாரோ சொன்னதற்கு, தன் அனுபவத்தில் துளை இல்லாத எந்தச் சுவரும் விழுந்ததில்லை என்று அவர் சொன்னார். அதை நானே கேட்டேன், தலையும் ஆட்டினேன். மேட்டின் ஓரமாக ஓடிய சிறு ஓடையில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி, அதன் மேல் ஒரு கொட்டகையும் வந்துவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று மழைக்காலங்கள் ஒன்றும் ஆகாமல் கடந்தன. ஒவ்வொரு முறையும் “பார், ஒன்றும் ஆகவில்லை” என்ற எங்கள் நம்பிக்கை ஒரு படி ஏறியது. மேட்டின் பலமோ ஒரு படி இறங்கிக்கொண்டிருந்தது.

இந்த மலையின் மண் எப்படிப்பட்டது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடியில் சார்னகைட் பாறை. அதன் மேல், அந்தப் பாறையே காலங்காலமாக உளுத்து உண்டான செம்மண்ணும் களியும் பல மீட்டர் ஆழத்துக்கு இருக்கின்றன. நீர் ஊறும்போது மண்துகள்களுக்கு இடையே அழுத்தம் ஏறி, அவை ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி தளர்கிறது. நிறையப் பிடி மிச்சம் வைத்து நிற்கும் மேடும், கடைசிப் பிடியில் நிற்கும் மேடும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் பச்சையாக இருக்கும். நிற்கிறதா, விழுந்ததா என்ற இரண்டை மட்டும்தான் கண் பார்க்கிறது. எவ்வளவு மிச்சத்தில் நிற்கிறது என்பதை அது பார்ப்பதில்லை. 1993 மழையில் என் மேடு நின்றது அதன் பலத்தைக் காட்டியது என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்த மழையே அதன் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டும் போயிருக்கலாம்.

நம் மாவட்டத்தில் இடம் மாறினாலும் பட்டறிவு செல்லாமல் போகிறது. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் மண்ணை இறக்கும். எங்கள் பக்கத்து மனிதர் ஆடி மாத மழையைக் கண்டு அஞ்சுவதில்லை. ஆனால் அவர் பெண்ணைக் கட்டிக்கொடுத்திருப்பது பந்தலூரில். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டரும், மறுநாள் அதற்கும் மேலாகவும் மழை பதிவானபோது, எங்கள் லைனில் இருந்தவர்கள் தேநீர் குடித்துக்கொண்டே தொலைக்காட்சியில் அதைப் பார்த்தோம். அது வேறு ஊர் மழை என்ற நினைப்பு எங்கள் எல்லோரிடமும் இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் மாமியாரைப் பறிகொடுத்த அந்தப் பெண் மட்டும் எழுந்து வெளியே போய், மழையே இல்லாத வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள்.

அவலாஞ்சி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடந்த ஒரு பெரும் மலைச்சரிவைப் பார்த்துத்தான் அந்த இடத்துக்கு ஆங்கிலேயர்கள் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. சரிவு என்பதையே பெயராகக் கொண்ட ஊர். ஆனால் பெயர் அயல் மொழியில் இருந்ததால், நம் காதுக்கு அது ஏரியும் சூழல் சுற்றுலாவும் உள்ள ஓர் இடத்தின் பெயராக மட்டுமே நின்றுவிட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பட்ட ஒன்று பெயர்ப்பலகையிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை.

பிறர் பட்டதிலிருந்தும் நாம் கற்கவில்லை என்று சொல்வதற்கு எனக்கு வலிக்கிறது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்களின் மேல் மலை இறங்கி 70 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கயத்தாறு போன்ற ஊர்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் போன தமிழர்கள். தொலைத்தொடர்பு அற்றுப்போய், செய்தி வெளியுலகுக்கு வர மறுநாள் காலை ஆனது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த இடம் என்பதே அவர்களுக்குப் பாதுகாப்பின் சான்றாக இருந்திருக்கும். நம் லைன் வீடுகளிலும் அதே சான்றைத்தான் வைத்துக்கொண்டு படுக்கிறோம்.

வயநாட்டில் 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி புத்துமலை சரிந்தது. ஐந்தாண்டுகள் கழித்து, 2024 ஜூலை 30-ஆம் தேதி அதிகாலை, அதற்கு அருகிலேயே உள்ள முண்டக்கையும் சூரல்மலையும் போயின. 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை பெய்திருந்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கல்பற்றாவில் இயங்கும் ஹியூம் மையம் என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் அந்த மாவட்டம் முழுவதும் தன்னார்வலர்களின் மழைமானிகளைக் கோத்து வைத்திருக்கிறது. அந்த மழைமானிகள் காட்டிய அளவைக் கொண்டு அம்மையம் முதல் நாளே எச்சரித்திருந்தது. சரிவு தொடங்கிய இடத்திலிருந்து கிலோமீட்டர்கள் தள்ளி, ஆற்றங்கரைச் சமதளத்தில் இருந்தவர்கள்கூட அடித்துச் செல்லப்பட்டார்கள். தலைக்கு மேலே மேடே இல்லாதவருக்கு மலைச்சரிவைப் பற்றி எந்தப் பட்டறிவு என்ன சொல்லியிருக்க முடியும்?

இவ்வளவும் எழுதியதால், ஊர்க்காரர்களைக் கேட்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். அப்படி எண்ணினால், என்னுடைய பிழைக்கு நேர் எதிரான இன்னொரு பிழையில் போய் விழுவோம். அன்று இரவு செம்மண் தண்ணீரைப் பார்த்துப் பயந்த அந்தக் கிழவிக்கு இருந்ததும் பட்டறிவுதான். அது சரியான பட்டறிவு. அவர் அந்த மேட்டிலிருந்து வழியும் தண்ணீரை ஒவ்வொரு மழையிலும் பார்த்தவர். அது எப்போதும் தெளிவாக வரும் என்பதும், அன்று கலங்கி வந்தது என்பதும் அவருக்குத் தெரியும். எந்த நிலவியல் அறிஞராலும் அதைத் தொலைவிலிருந்து கண்டுபிடித்திருக்க முடியாது. ஊற்று திடீரென்று கலங்குவது, வற்றாத ஊற்று மழைக்காலத்தில் வற்றுவது, நேற்று வரை சாத்திய கதவு இன்று நிலையில் இடிப்பது, தேயிலை வரிசையின் நடுவே விரல் நுழையும் அளவு வெடிப்பு ஓடுவது, மின்கம்பம் சாய்வது ஆகியவற்றை அங்கேயே வாழ்கிறவர்தான் முதலில் பார்ப்பார். ஏனென்றால் வழக்கம் எது என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

நான் கேட்டுக்கொள்வது, இந்த இரண்டு வகைச் சாட்சியங்களையும் பிரித்துப் பாருங்கள் என்பதைத்தான். “ஏதோ மாறியிருக்கிறது, பயமாக இருக்கிறது” என்று ஒரு கொழுந்தெடுக்கும் பெண் சொன்னால், வேறு எந்தச் சான்றும் கேட்காமல் அந்த இரவே அவளை வெளியேற்றுங்கள். “நாற்பது வருடமாகப் பார்க்கிறேன், ஒன்றும் ஆகாது” என்று என்னைப் போன்ற ஒருவர் எவ்வளவு மரியாதைக்குரியவராக இருந்து சொன்னாலும், அதை ஒரு சான்றாகக் குறித்துக்கொள்ளாதீர்கள். ஆய்வுக்கு வரும்போது “இதற்கு முன் சரிந்ததா?” என்ற கேள்வியைக் கேளுங்கள். சரிந்தது என்றால் அது பயனுள்ள செய்தி. சரியவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்: கடந்த இருபது ஆண்டுகளில் இந்தச் சரிவில் எதை வெட்டினீர்கள், எதை நிரப்பினீர்கள், தண்ணீர் முன்பு எந்த வழியாகப் போயிற்று, இப்போது எந்த வழியாகப் போகிறது? பொக்லைன் வந்து போன ஆண்டையும் மாதத்தையும் எந்த ஊரிலும் யாராவது ஒருவர் நினைவு வைத்திருப்பார். இந்தக் கேள்விகளுக்கு நாங்கள் பொய்யில்லாமல், துல்லியமாகப் பதில் சொல்ல முடியும்.

283 என்ற பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது இருப்பது நல்லது. ஆனால் பட்டியலில் இல்லாத ஊர்க்காரர் அதை எப்படிப் படிக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். தன் ஊர் பெயர் இல்லை என்பதை அவர் ஒரு பாதுகாப்புச் சான்றிதழாகவே எடுத்துக்கொள்கிறார். பட்டியலை அறிவிக்கும் ஒவ்வொரு முறையும், இதில் இல்லாத இடம் பாதுகாப்பானது என்று பொருள் இல்லை என்பதையும் அதே அளவு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

பட்டறிவு தவறாகப் பாடம் நடத்தும் இன்னோர் இடம், வெளியேற்றம். சிவப்பு எச்சரிக்கை வருகிறது. மக்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறீர்கள். இரண்டு இரவுகள் சிமெண்ட் தரையில் படுக்கிறார்கள், ஒரு நாள் சம்பளம் போகிறது, கோழியை நரி கொண்டுபோகிறது, மலை நின்றுகொண்டிருக்கிறது. மூன்று முறை இப்படி நடந்தால் நான்காவது முறை எவரும் வர மாட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நடந்ததிலிருந்து அவர்கள் ஒழுங்காகத்தான் கற்றிருக்கிறார்கள். நடந்ததை அவர்களுக்கு எவரும் முழுமையாகச் சொல்லவில்லை என்பதே குறை. திரும்பி அனுப்பும் காலையில், ஓர் அலுவலர் பத்து நிமிடம் நின்று, எவ்வளவு மழை பெய்தது, எந்த அளவைத் தாண்டினால் இந்த மண் ஆபத்து என்று கணித்திருந்தோம், நேற்று எவ்வளவு நெருங்கினோம், சுற்றுவட்டாரத்தில் எங்கெங்கே சிறு சரிவுகள் விழுந்தன என்று சொல்லிவிட்டு அனுப்பினால், அந்த இரண்டு இரவுகளும் வீண் போன இரவுகளாக இருக்காது. இந்திய நிலவியல் ஆய்வு மையம் 2024 ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்கணிப்பு மையத்தைத் தொடங்கியபோது, டார்ஜிலிங், களிம்பொங் மாவட்டங்களோடு நம் நீலகிரிக்கும் முன்கணிப்பு அறிக்கைகள் வரத் தொடங்கின. அந்த அறிக்கை தமிழில், லைன் வீட்டுச் சுவரில் ஒட்டும் அளவுக்கு எளிமையாக எங்களுக்கு வர வேண்டும்.

அந்த முன்கணிப்பு எவ்வளவு நன்றாக அமையும் என்பது, சிறு சரிவுகளை யார் எழுதி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆள் இறந்தால் கோப்பு பிறக்கிறது. தேயிலை வரிசைகள் நான்கு இறங்கி எவருக்கும் காயம் இல்லை என்றால், மறுநாளே மண்ணை அள்ளிவிட்டுச் செடியை ஊன்றிவிடுகிறோம். என் பதவிக் காலத்தில் எங்கள் தோட்டத்துக்குள் மட்டும் அப்படிப்பட்ட சிறு சரிவுகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒன்றைக்கூட எழுதவில்லை. எழுதுவதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை என்பதுதான் காரணம். ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு ஊராட்சியிலும், ரயில் பாதையில் ரோந்து நடக்கும் ஊழியர்களிடமும், யாருக்கும் எதுவும் ஆகாத சரிவுகளை எழுத ஒரு கட்டம் கொடுங்கள். தேதி, இடம், முந்தைய மூன்று நாள் மழை, மேலேயும் கீழேயும் என்ன இருந்தது என்ற நான்கு செய்திகள் போதும். இழப்பு இல்லாமல் வரும் பாடங்கள் அவைதான், அவற்றைத்தான் நாம் மண்வெட்டியால் அள்ளித் தூர எறிந்துகொண்டிருக்கிறோம்.

என்னிடமிருந்து தர முடிந்தது ஒன்று உண்டு. தோட்ட அலுவலகம் பழைய தாள்களைக் கழித்தபோது, அனுமதி பெற்று, 1976 முதல் நான் எழுதிய மழைப் பதிவேடுகளை வீட்டுக்கு எடுத்து வந்தேன். 1981 வரை இஞ்ச், சென்ட் (இஞ்சில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் இருக்கும், பிறகு மில்லிமீட்டர். பூச்சி அரித்த இரண்டு புத்தகங்களைத் தவிர மற்றவை படிக்கும் நிலையில் உள்ளன. எந்த அலுவலர் வந்து கேட்டாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கிறேன். கணினியில் ஏற்றுகிறவரிடம் மட்டும் ஒன்றைத் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். 2009 நவம்பர் 10-ஆம் தேதிக் கட்டத்தில் சிவப்பு மையில் உள்ள சொற்களை விட்டுவிட்டு, பக்கத்தில் பென்சிலால் பின்னர் எவரோ எழுதிய 200 என்ற எண்ணை அன்றைய மழை என்று ஏற்றிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்ட எழுத்தர்
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்